பதினாறு இதழ்

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் மெர்ல் முதலில் அதை முகர்ந்து பார்த்தார்.

"என்னப்பா, மோப்பம் புடிச்சே விலை சொல்லிடுவ போலிருக்கே!" பக்கத்து மேசையில் பழைய பட்டாளத்துக் கத்திகளைப் பரப்பியிருந்த டிவைட் கிண்டலடித்தார்.

மெர்ல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய மரம், எண்ணெய், அதற்கும் அடியில் எங்கோ ஈர மண். முப்பது வருடமாக இந்த வாசனை வந்தால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

பென்சில்வேனியாவில் அன்று காலையிலிருந்தே பனி. பழைய துப்பாக்கிச் சந்தை நடந்த மண்டபத்தின் உயரமான ஜன்னல்களுக்கு வெளியே அது ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நானூறு மேசைகளின் பேரமும் சிரிப்பும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்டன.

எதிரே நின்ற ஓபல் அம்மாளுக்கு எழுபது தாண்டியிருக்கும். துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஏந்தி வந்திருந்தார்.

"விக்க வரல தம்பி. எங்க வீட்டுக்காரர் நாப்பத்தஞ்சுல சண்டையெல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஜப்பான்ல போய் இறங்கினார். அவங்க ஒப்படைச்சுத் துறைமுகத்துல குவிச்சு வச்சிருந்த துப்பாக்கியில ஒண்ணு எடுத்துட்டு வந்தார். அதை நீங்க பாத்து, அப்படி வந்ததுதான்னு உங்க கையால எழுதித் தரணும்."

"அவர் வரலையா?"

"வண்டியில இருக்கார். கூட்டம்னா அவருக்கு ஆகாது."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா எழுத்து?"

"மனசுக்கு ஒரு நிம்மதி, வேற என்ன."

ஜப்பானியத் துப்பாக்கி என்றால் இந்த மேசைகளில் எல்லோர் கண்ணும் முதலில் போவது ஒரே இடத்துக்குத்தான். தோட்டா அமரும் அறையின் தலையில், பதினாறு இதழ்ச் சாமந்தி. அந்நாட்டுச் சக்கரவர்த்தியின் முத்திரை.

போரில் தோற்ற ஜப்பானியர்கள் துப்பாக்கிகளை ஒப்படைத்தபோது அந்தப் பூவைச் சுரண்டி அழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஆகவே பூ இல்லையென்றால் குவியலில் வந்தது. பூ இருந்தால் களத்தில் எடுத்தது, அதைப் பிடித்திருந்த கையிலிருந்து.

இதில் பூ இல்லை.

மெர்ல் பூதக்கண்ணாடியை எடுத்தார். பிறகு வெகுநேரம் நிமிரவே இல்லை.

அவசரமாகச் சுரண்டிய தழும்பு அல்ல இது. அந்தத் தழும்புகள் ஐம்பது வருடத்தில் பழுப்பேறியிருக்கும். இங்கே யாரோ சின்ன அரத்தால், ஒரே திசையில், பொறுமையாகத் தேய்த்திருந்தார்கள். மேலே கடையில் பாட்டிலில் விற்கும் கறுப்புப் பூச்சு. ஓரத்தில் நகக்கண் நீளத்துக்கு ஒரு கீறல்.

இது ஜப்பானில் அழிந்த பூ அல்ல. இங்கே, ஏதோ ஒரு வீட்டில், சமையலறை மேசையிலோ கொட்டகையிலோ அழிந்திருக்கிறது.

பூ இல்லாததில் பூ வெட்டி, கூடுதல் விலைக்கு விற்கும் திருடர்கள் பலரை மெர்லுக்குத் தெரியும். இருந்த பூவை அழித்த ஆளை அவர் பார்த்ததில்லை.

கண்ணை மூடினார். பெண்டாட்டிக்குத் தெரியாமல், கொட்டகையில், ஒவ்வோர் இதழாகத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன் தெரிந்தான். யாரையும் கொல்லவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்குள்ளேயே கிழவனாகிப் போனவன். மெர்லுக்கு அவன்மேல் இரக்கம் பொங்கியது.

ஆனால் முப்பது வருடத்தில் அவர் ஒரு துப்பாக்கியைப் பற்றியும் பொய் எழுதியதில்லை. சொந்த மச்சானின் துப்பாக்கியையே போலி என்று எழுதிக் கொடுத்து, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போனவர். மெர்ல் கையெழுத்து என்றால் மூன்று மாநிலத்தில் மறுபேச்சு கிடையாது.

உண்மையை எழுதினால் இந்த அம்மாள் வெளியே போய் அந்த வண்டியில் எப்படி ஏறி உட்காருவார்?

ஓபல் அம்மாள் கைப்பையின் வாரை இறுகப் பிடித்தபடி அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'போர் முடிந்தபின் ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கி. முத்திரை ஜப்பானிலேயே அழிக்கப்பட்டது' என்று மெர்ல் எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போடும்போது காது மடல் சுட்டது. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

ஓபல் அம்மாள் தாளை இரண்டு முறை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். பிறகு கட்டை விரலால் அந்தச் சின்னக் கீறலைத் தடவினார்.

"இங்கதான் அரம் வழுக்கிடுச்சு. அவர் ஆஸ்பத்திரியில இருந்த வாரம் உக்காந்து தேய்ச்சேன். நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன் தம்பி."

மெர்ல் பேனாவை மூடினார்.

"பழசு ஒவ்வொண்ணா மறந்துட்டு வர்றார். என் பேர்கூடச் சில நாள் வர்றதில்ல. சண்டையில இதைக் கையில வச்சிருந்த அந்தப் பையனோட முகம் மட்டும் போக மாட்டேங்குது, தினம் அழறார். குவியல்ல எடுத்ததுதான், பாருங்க பூ இல்லன்னு நான் அவர்கிட்ட சொன்னேன். மெர்ல் சொல்லட்டும், நம்பறேன்னார்."

துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் போனார்.

ஜன்னல் வழியாக மெர்ல் பார்த்தார். பனி மூடிய வண்டியின் கதவு திறந்தது. உள்ளே ஒரு கிழவர். ஓபல் அம்மாள் அவர் காதருகே குனிந்து தாளைப் படித்தார். கிழவர் அதைப் பிடுங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"என்ன மெர்ல், பூ இருந்துச்சா?" என்று டிவைட் கேட்டார்.

"இல்லப்பா" என்றார் மெர்ல். "குவியல்ல எடுத்தது."