சோபா ஆடிய ஆட்டம்

டிவியில் கனத்த சத்தம் வந்தால் அதிரும் ஷேக்கர் கருவி ஒன்றை ஹால் சோபாவின் அடியில் திருகி மாட்டினார்கள். டிவியில் யானை ஓடிவந்தது. ஷேக்கர் அதிர, சோபா குலுங்கியது. "அய்யோ, நம்ம மேலயே வருது!" என்று குடும்பமே கூச்சலிட்டுக் கைதட்டியது.

சோபாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக ஸ்பீக்கருக்கு மட்டும்தானே பாராட்டு!

"தம்பி, நிறுத்தாதே!" என்றது ஷேக்கரிடம்.

"யானை போயிடுச்சு அண்ணே. இப்போ கல்யாணம் நடக்குது," என்றது ஷேக்கர்.

"நடக்கட்டுமே, நீ குலுக்குடா!"

ஷேக்கர் தாலி கட்டும்போதும் குலுக்கியது, இழவு வீட்டுக் காட்சியிலும் குலுக்கியது. டம்ளர் காபி மடியில் கொட்டியது. ஒவ்வொருவராக எழுந்துபோய்த் தரையில் பாய் விரித்தார்கள்.

சோபா பூரித்துப்போனது. "பார்த்தியா தம்பி? நமக்கு மரியாதை கொடுத்துக் கீழே உட்கார்றாங்க!"