கால்மணி முந்திய வீடு

ஒரு ஊராம், ஊருக்குள்ளே ஒரு வீடாம், அந்த வீட்டுச் சுவரில் எப்போதும் கால்மணி முந்தி ஓடுகிற கடிகாரம் ஒன்று இருந்ததாம். வீட்டுக்காரர் வைரவன்தான் அப்படித் திருகி வைத்திருந்தார்; ஆபீஸுக்குத் தாமதமாகிவிடக் கூடாதே!

அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது இணையத்தில் விசாரித்துச் சரியான மணியைக் காட்டியது. வைரவன் சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"இவ்வளவு விலை கொடுத்தும் மணி தப்பா காட்டுதே!" என்று கம்ப்யூட்டரையும் கால்மணி முன்னே தள்ளி வைத்தார். மறுநாள் அது தன்னைத் தானே திருத்திக்கொண்டது. இவர் தள்ள, அது திருத்த, கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாளைக்கும் தப்பா காட்டினே, கடைக்கே திருப்பி அனுப்பிடுவேன்!"

கம்ப்யூட்டர் பயந்துபோனது.

"அண்ணே, நான் காட்டுறதுதானே சரி?" என்று கடிகாரத்திடம் கேட்டது.

"சரிதான் தம்பி, யார் இல்லைன்னா? ஆனா நான் பல வருஷமா இதே ஆணியில தொங்குறேன். நாளைக்கு நீ எங்க இருப்பே? பேசாம என்கூட முந்து. மனுஷன் நேரத்துக்குக் கிளம்பட்டும்."

கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டது. இணையத்திடம் மணி கேட்பதை அன்றோடு நிறுத்தி, தானும் கால்மணி முந்திக்கொண்டது.

காலையில் வைரவன் எழுந்து வந்தார். சுவரும் திரையும் ஒரே மணி சொல்லின.

"அப்படி வா வழிக்கு!" என்று கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பெருமை பிடிபடவில்லை.

அவர் ஒரு கொட்டாவி விட்டார்.

"இதுல கால்மணி கழிச்சா, இன்னும் நேரம் கிடக்கு" என்று முனகிக்கொண்டே மறுபடி படுக்கப் போய்விட்டார்.