இடது இறக்கை

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மேகலை, தலைக்கு மேல் வட்டமிடும் எதிரிப் படையின் ட்ரோனைப் பார்த்தாள். பழைய போர் வீடியோ கேம்களில் கெட்டிக்காரர்கள் ஆடிய விதத்தைக் கற்றுக்கொண்டுதான் இவை தாமாகவே பறக்கின்றன.

செத்துப்போன தம்பி இனியனும் அப்படியொரு கெட்டிக்காரன். கேமில் முதுகுப்பையிலிருந்து வெடிகுண்டு ட்ரோனை எடுத்து ஏவி, அவள் ஒளிந்திருக்கும் வீட்டைச் சுற்றவிடுவான். பாய்வதற்கு முன் அதன் இடது இறக்கையை இருமுறை ஆட்டுவான். “ஓடுக்கா, வர்றேன்!” அவள் தப்பிவிட்டால் அன்றைக்கு டீ அவன்தான் போடுவான்.

மேலே ட்ரோன் இடது இறக்கையை இருமுறை ஆட்டியது.

அருகில் விளையாடிக்கொண்டிருந்த மகளை அள்ளிக்கொண்டு மேகலை படியிறங்கித் தெருமுனைவரை ஓடினாள். பின்னால் வீடு இடிந்து விழுந்தது.

மகளின் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

“உன் மாமா இப்பவும் சொல்லிட்டுதாண்டி அடிக்கிறான்.”