விழுகிற வாத்தியார்

"உன் புருஷன் இன்னிக்கும் விழுந்தானாமே?"

ரொட்டிக்கடை பார்ப்லா கேட்டதும், கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊர்சினா ரொட்டிகளைக் கூடையில் அடுக்கினாள்.

"அதுவும் எங்க? குழந்தைங்க பழகுற மேட்டுல! பனிச்சறுக்குப் பந்தயத்துல பள்ளத்தாக்கையே ஜெயிச்சவன், பொடிசுங்க முன்னாடி மல்லாந்து கிடக்கான்." பார்ப்லா கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். "மறுபடி ஆரம்பிச்சுட்டானாடி?"

"பொண்ணு பொறந்த அன்னிக்கு விட்டவன். தொடமாட்டான்."

"நான் என்னத்தக் கண்டேன்? வழுக்கிவிட்டது பனியா, பாட்டிலான்னு அவனைத்தான் கேக்கணும்."

கடையே சிரித்தது. ஊர்சினா கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேடேறினாள்.

மேட்டிலிருந்த ஷாலேயில் அவள்தான் சமையல். அந்த வாரம் அந்த மரமாளிகை முழுவதையும் ஆன்ட்வெர்ப் நகரத்திலிருந்து வந்த வெர்லிண்டன் என்பவர் வாடகைக்கு எடுத்திருந்தார். கூடவே மகள் லோட்டே, அவளுடைய தோழிகள். வெர்லிண்டனுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுப்பது ஊர்சினாவின் கணவன் ஃப்ளுரின்.

அடுக்களையில் முதலாளியம்மா திருமதி காஃப்ளிஷ் காத்திருந்தாள்.

"ஊர்சினா, வெந்நீர்க் குளம், அறைக்கொரு கணப்புன்னு நான் விருந்தாளிங்களைத் தாங்கிட்டு இருக்கேன். உன் வீட்டுக்காரன் என்னடான்னா வெர்லிண்டனோட சேர்ந்து உருண்டுட்டு இருக்கான். கை கால் முறிஞ்சா யார் பதில் சொல்றது? நாளைக்குப் பக்கத்து ஊர்லேர்ந்து வேற வாத்தியார் வர்றார். நீயே சொல்லிடு."

"இந்த ஒரு தடவை மேடம்..."

"மத்த ஷாலேக்காரங்க காதுக்கும் போயாச்சு. இனி இந்த சீசன்ல அவனை எவன் கூப்பிடுவான்?"

சாயங்காலம் ஃப்ளுரின் முதுகெல்லாம் பனியோடு வீட்டுக்குள் நுழைந்தான்.

"ஊது" என்றாள்.

"என்னது?"

"ஊதுடான்னேன்."

ஊதினான். காப்பி வாசனைதான் வந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"ஏன்டா இப்படி? ஊரே சிரிக்குது!"

ஃப்ளுரின் தொப்பியைக் கழற்றி உதறினான்.

"முதல் நாள் அந்த மனுஷன் தொப்புன்னு விழுந்தார். பொண்ணும் அவ தோழிங்களும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. நீ அவர் முகத்தைப் பாத்திருக்கணும் ஊர்சினா. ஆபீஸ்ல எத்தனை பேரை நடுங்க வைக்கிற ஆளோ! பொண்ணு முன்னாடி அப்படியே சுருங்கிட்டார். நானும் பக்கத்துலயே விழுந்தேன். 'இந்த இடம் ரொம்ப மோசம், எனக்கே இப்படி'ன்னேன். சிரிப்பு கப்புனு நின்னுடுச்சு."

"சரி, அன்னிக்கு விழுந்தே. அப்புறம்?"

"அப்புறம் அவர் தடுமாறுறதுக்கு முன்னாடி நானே விழுந்துடறேன். வாத்தியாரே விழுறப்ப, அவர் விழுந்தா யாரு கண்டுக்கப் போறா?"

ஊர்சினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்னை மாத்திட்டாங்க. நாளைக்கு வேற ஆள் வர்றான்."

ஃப்ளுரின் முகம் வாடியது. ஆனாலும், "வரட்டும்" என்றான்.

"மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா அது நேரா சாப்பாட்டு மேசைக்குப் போகும். அங்கேர்ந்து பொண்ணு காதுக்கு. அந்த மனுஷன் மானம் கப்பலேறும். விடு."

"கிறுக்கன்" என்று சொல்லிக்கொண்டே அவன் முதுகிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். பார்லி சூப்பில் வழக்கத்தைவிட அதிகமாகவே இறைச்சித் துண்டுகளைப் போட்டாள்.

மறுநாள் காலை ஷாலே வாசலில் புது வாத்தியார் விறைப்பாக நின்றிருந்தார். வெர்லிண்டன் வாசலுக்குப் போகவில்லை. நேராக அடுக்களைக்கு வந்தார்.

"ஃப்ளுரின் எங்கே?"

"வேற வாத்தியார் வந்திருக்கார் சார். கெட்டிக்காரர். விழவே மாட்டார்."

"எனக்கு அவர் வேணாம். உங்க மேடம்கிட்ட இப்பதான் சொல்லிட்டு வர்றேன். ஃப்ளுரின் வந்தாதான் நான் மேட்டுக்குப் போவேன். அடுத்த வருஷமும் அவர்தான்."

ஊர்சினாவுக்கு மூச்சு வந்தது. பாவம், வேறு யார் முன்னாலும் விழுவதற்கு இவருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெர்லிண்டன் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் உடம்பை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. முழங்கால்ல ஏதோ கோளாறு இருக்கணும்."

"ஏன் சார்?"

"ரெண்டாம் நாளே எனக்குச் சறுக்க நல்லா வந்துடுச்சு. ஆனா அவர் பாவம், சும்மா சும்மா விழறார். அவ்வளவு பெரிய சறுக்கு வீரர், சொந்த ஊர்ல, எல்லாரும் பாக்கப் பனியில கிடக்கறார். என் பொண்ணு என்னைப் பாத்துச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா. அவரைத் தனியா விட்டுட்டு நான் மட்டும் எப்படி நிக்கறது? அதான், அவர் விழறப்பல்லாம் கூடவே நானும் விழுந்துடறேன்."