சபர்குல் பிடித்திருக்கும் கம்பி

சோங்-கோல் ஏரியின்மேல் வெயில் சாய்கிறது. கூடாரத்துக்குள் ரிஸ்கெல்டி, திரும்பி வரும் அலையைக் காட்டும் ரேடியோ முள்ளையே பார்த்திருக்கிறான். வெளியே அவன் மனைவி சபர்குல் ஆன்டெனாக் கம்பியைத் தாழ இறக்கி, நுனியை விரலகலம் விரலகலமாக மடிக்கிறாள். முள் இறங்கி அடங்குகிறது; கம்பியின் நீளம் சரியாகிவிட்டது. குதிரைகளின் கடைசிக் கறவை முடிந்ததல்லவா, பகலெல்லாம் கம்பிக்கடியில் கட்டிக்கிடந்த குதிரைக்குட்டிகளை அவள் போய் அவிழ்த்துவிடுகிறாள். அவை தாய்களிடம் ஓட, முள் மறுபடி ஏறுகிறது.

"குட்டிங்களையும் சேர்த்தா அளந்தீங்க?"

"சிரிக்காம நுனியைப் பிரி."

பிரிக்கிறாள். கூடாரத்து ரேடியோவின் இரைச்சலுக்குள்ளிருந்து, மலைக்கு அப்பால் ஆடு மேய்க்கும் அவள் தம்பியின் குரல், இந்தக் கோடையில் முதன்முதலாக: "அக்கா, பால் கறந்தாச்சா?"

"ஆச்சுடா," என்கிறாள் கையிலிருக்கும் கம்பியிடம்.

"கம்பியை விடு சபர்குல். விட்டாத்தான் நான் பதில் சொல்ல முடியும், இல்லேன்னா கையைச் சுட்டுடும்."

அவள் விடவில்லை.