பதினாறாவது மாடிக்குத் தேக்கு

"இது வேண்டாம்ணே. சாயம் விடும்" என்றாள் ஷுயிங்.

வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியை அந்த இந்தோனேசிய மரப் பலகைமேல் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாள். துணியில் செங்காவியாய்க் கறை படிந்தது.

பெங் தலையாட்டினார். அவர் மனைவி ஹொங்மெய்யும் தலையாட்டினாள். இருவரும் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, காலுறையோடு அடுத்த பலகைமேல் ஏறி நின்றார்கள்.

"இது பிரேசில் மரம்க்கா. கல்லு மாதிரி இருக்கும். குளிர்காலத்துல கால் வைக்க முடியாது."

மேசைக்குப் பின்னால் இருந்த மேனேஜர் காவ் பல்லைக் கடித்தார். ஹாங்ஜோவிலிருந்து நான்ஷுன் ஊரின் இந்தத் தரைப்பலகைக் கடைக்கு அவர் மாற்றலாகி வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. வந்த அன்றே வாசலில் நின்று, எதிர்ச்சாரியில் வலை போர்த்தி நின்ற அடுக்குமாடிக் கட்டடத்தைக் காட்டிச் சொன்னார்:

"அந்தப் பச்சை வலை அவிழட்டும், நானூறு வீடு. அத்தனை பேரும் நம்ம கடைக்குத்தான் வருவான். அதுவரைக்கும் வர்ற ஆளைக் கோட்டை விடாதீங்க. இந்த மாசம் யார் கம்மியா விக்கிறாங்களோ, அவங்க கிளம்பிடலாம்."

இன்று மாதத்தின் கடைசி நாள். ஷுயிங் இன்னும் ஒரு பலகைகூட விற்கவில்லை.

பெங் இப்போது பர்மா தேக்கின்மேல் நின்றார். முன்னும் பின்னுமாக நாலடி நடந்தார். பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"இதுல என்ன குறை தங்கச்சி?"

"மரத்துல குறையே இல்லண்ணே. ஆனா உங்க சின்ன பெட்ரூம்ல ஜன்னல் பக்கம் ஒரு தூண் அரை அடி உள்ள தள்ளிட்டு நிக்கும். சுத்தி வெட்டி வெட்டிப் போடணும். பாதி மரம் வீணாப் போகும்."

ஹொங்மெய் பையிலிருந்து வீட்டு வரைபடத்தை எடுத்து விரித்தாள். தூண் அங்கேதான் இருந்தது.

"பையனுக்காகத்தான் பாக்குறோம்" என்றாள், வெளியே வெயிலா மழையா என்று சொல்கிற குரலில். "பொண்ணு வீட்டுல தரை போட்டாச்சான்னு மட்டும் கேக்குறாங்க. போட்டாச்சுன்னா இலையுதிர் காலத்துல கல்யாணம். இல்லன்னா இதுவும் போயிரும்."

"முதல்ல பேசின பொண்ணுக்கு இப்ப ரெண்டு குழந்தை" என்றார் பெங். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

காவ் அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து வந்து ஷுயிங்கைத் தோளால் ஒதுக்கினார்.

"தேக்குதானே சார்? இருபது சதவீதம் தள்ளுபடி. இன்னிக்கு அட்வான்ஸ் போட்டா போதும். எத்தனாவது மாடி?"

"பதினாறு."

"லிஃப்ட் இருக்குல்ல?"

பெங் மனைவியைப் பார்த்தார். "இருக்கும்" என்றார்.

"அப்ப ஏத்துகூலியும் கிடையாது. ஆறு மாசத்துக்குள்ள மரத்தை எடுத்துக்கணும், அவ்வளவுதான். தவறினா அட்வான்ஸ் திரும்ப வராது. அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

பெங்கின் கை கோட்டுக்குள் போனது. பழுப்பு உறை ஒன்று பாதி வெளியே வந்தது.

"சாவி கைக்கு வந்துருச்சாண்ணே?" என்றாள் ஷுயிங்.

கை அப்படியே நின்றது.

"மழைக்கு முன்னாடி தந்துருவோம்னு கட்டுறவங்க சொன்னாங்க."

"வரட்டும்ணே. மரம் எங்கயும் ஓடிப் போகாது."

உறை மறுபடி உள்ளே போனது. காவின் முகம் சிவந்தது. ஷுயிங் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு தேக்கு மாதிரித் துண்டை எடுத்து ஹொங்மெய்யிடம் கொடுத்தாள்.

"இதோட அஞ்சு துண்டு ஆச்சு" என்று ஹொங்மெய் அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஷுயிங் வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தாள். காவ் கதவருகிலேயே காத்திருந்தார்.

"நீ யார்கிட்ட சம்பளம் வாங்குற? என்கிட்டயா, எதிர்க் கடைக்காரன்கிட்டயா? பணத்தை எடுத்தவனைக் கையைப் புடிச்சு நிறுத்துற! ஒரு காரணம் சொல்லு. இல்ல, இப்பவே பையை எடுத்துக்க."

ஷுயிங் கண்ணாடிக் கதவு வழியாகக் கையை நீட்டினாள்.

"அவங்க வீடு அதுலதான் சார்."

சாலைக்கு அந்தப்பக்கம் பச்சை வலை காற்றில் கிழிந்து தொங்கியது. காவ் முதல்முறையாக அதைச் சரியாகப் பார்த்தார். கீழிருந்து மாடிகளை எண்ணிக்கொண்டே போனார். ஒன்பது வரை வந்தது. அதற்குமேல் துருப்பிடித்த கம்பிகளும் வானமும்தான்.

"பதினாறுன்னாங்களே?"

"ஆமா. ஒன்பதோட வேலை நின்னு ஆறு வருஷமாச்சு. கடன் தவணை மட்டும் மாசா மாசம் போகுது. வருஷா வருஷம் புத்தாண்டுப் பண்டிகை முடிஞ்சதும் வருவாங்க. மரம் பாத்துட்டுப் போவாங்க."

வெளியே பெங்கும் ஹொங்மெய்யும் பேருந்து நிறுத்தத்தில் அந்தக் கட்டடத்துக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்கள்.

"அது சரி" என்றார் காவ், குரலைத் தணித்து. "வரைபடத்தை அந்தம்மா பையிலேர்ந்து எடுக்கவே இல்ல, அதுக்குள்ள தூணைப் பத்திச் சொன்னியே. உனக்கு எப்படித் தெரியும்?"

ஷுயிங் கறை படிந்த துணியை வாளியில் அலசிப் பிழிந்தாள்.

"அவங்களுக்கு நேர் மேல் வீடு எங்களுது சார்."