வாசல் பேனர்

மண்டப வாசலில் கட்டியிருந்த பேனரின் ஒரு பக்கக் கயிற்றைத் துர்காதேவி கத்தரிக்கோலால் அறுத்துவிட்டாள். பட்டுச்சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அடுத்த கயிற்றுக்கு எட்டினாள். அது எட்டவில்லை.

'செல்வக் குழந்தை எளிலியின் காதணி விழாவுக்கு வரும் உறவுகளே, வருக!' என்று கொட்டை எழுத்தில் சிரித்தது பேனர். அவள் பெற்றது எழிலியை. எளிலியை இல்லை.

மழைமேகத்துக்கு எழிலி என்று பெயர். ஏங்கித் தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு ஆசையாகத் தேடி வைத்த பெயர் அது. ஆஸ்பத்திரியில் அதை எழில் என்று எழுதினார்கள். அங்கன்வாடியில் எலிலி என்று எழுதப் போய், கூடப் படிக்கிற பிள்ளைகள் எலி, எலி என்று கூப்பிட்டு, குழந்தை மூக்கைச் சிந்திக்கொண்டு வீடு வந்தது. அன்றிலிருந்து மகள் பெயரை யார் தப்பாக எழுதினாலும் துர்காவுக்குப் பொறுக்காது. போன பிறந்தநாளுக்கு வந்த கேக்கை அப்படியே கடைக்குத் திருப்பி அனுப்பியவள் அவள்.

சத்தம் கேட்டு அவள் கணவன் முத்தரசு ஓடி வந்தார்.

"மேடைப் பேனரைக் காரைக்குடியில ஒழுங்கா அடிச்சு வாங்கிட்டு, எங்கிட்டக் காட்டாம இதை யாரு அடிக்கச் சொன்னது? நீங்கதானே?"

தான் சொன்னது மேடைக்கு ஒன்றுதான், இதைத் தானே இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார் முத்தரசு. மாட்டிக்கொண்டால் அவர் இப்படித்தான் முழிப்பார் என்பதால் அவள் நம்பவில்லை.

பேனரின் மூலையில் பள்ளத்தூர் அச்சுக்கடை ஒன்றின் நம்பர் இருந்தது. அடியில், வைத்தவர்கள் பெயர் போடும் இடம் வெறுமையாகக் கிடந்தது. தன் பெயரும் படமும் இல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரும் பேனர் வைப்பதில்லை. அதையும் கடைக்காரரின் கவனக்குறைவில் சேர்த்துக்கொண்டு போனைப் போட்டாள் துர்கா. அறுத்து வீசப்போவதாகச் சொன்னதும் எதிர்முனை பதறியது.

"அறுத்துறாதீக ஆத்தா. இந்தா, கிளம்பி வந்துக்கிட்டே இருக்கேன்."

உள்ளே வேறு தவிப்பு. காது குத்தும் ஆசாரி எப்போதோ வந்து தயாராக உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத்தான் தாய்மாமன் இல்லை.

துர்காவின் அண்ணன் சேதுபதிக்கு அவள் தன் விருப்பத்துக்கு முத்தரசுவைக் கட்டிக்கொண்டது பிடிக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது. விசேஷத்துக்கு முதல் அழைப்பு மாமனுக்குத்தான் என்று முத்தரசு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எங்கள் கல்யாணத்துக்கு வராதவர் வாசலில் தட்டோடு போய் நிற்க மாட்டேன் என்றுவிட்டாள் அவள்.

பெரியப்பா மகன் சோணைமுத்துவை மடி கொடுக்கச் சொல்லியிருந்தாள். அவரோ பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி ஓரமாக நெளிந்துகொண்டிருந்தார்.

"கூடப்பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில நான் போயி உக்காந்தா நல்லாவா இருக்கு, துர்கா?"

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கவும், அண்ணன் மேலிருந்த கோபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு துர்கா வெளியே போனாள்.

அச்சுக்கடை பிலவேந்திரன் நரைத்த மனிதர். வண்டியை நிறுத்தியதும் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல், தொங்கிக்கொண்டிருந்த பேனரைத் தூக்கி மறுபடி முடிச்சுப் போட்டார். துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதல்ல பிள்ளை பேரைப் பாருங்க. எழுதிக் குடுத்ததைப் பாத்துத்தானே அடிச்சீக?"

"எழுதிக் குடுத்தபடிதேன் ஆத்தா அடிச்சேன். பேரு சரியான்னு கேக்கவும் செஞ்சேன். காதுல கேட்டதுதேன், எழுத்துல பாத்ததில்லைன்னுட்டாக."

"நல்லாருக்கு. பெத்த அப்பனுக்கே மக பேரு எழுதத் தெரியல," என்று முத்தரசுவை முறைத்தாள் துர்கா.

பிலவேந்திரன் முத்தரசுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவுகளா? இவுகளை நான் இன்னைக்குத்தேன் பாக்குறேன்."

துர்காவின் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. வைத்தவர் பெயர் இல்லாத அந்த வெற்றிடத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பிலவேந்திரனைப் பார்த்தாள். அவர் கண் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போனது.

அங்கே மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத புது வேட்டி, சட்டை. பக்கத்தில் மஞ்சள் துணி போட்டு மூடிய ஒரு பெரிய தாம்பாளம். கையில் பிடித்திருந்த டீயை அவர் குடிக்கவே இல்லை.

பிலவேந்திரன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பத்திரிகை வச்சிருந்தீகன்னா, உங்க அண்ணன் சரியா எழுதிக் குடுத்திருப்பாக ஆத்தா."